பட்டை உரிந்த வேர்

மாதத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. சூலூருக்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்தில் மாட்டுச்சாளைதான் அந்த நாட்களில் என் இருப்பிடம். கோயமுத்தூரில் மில்லுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. எனக்கோ அடிவயிற்றுக்குள் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் சூதக வலி. பல்லைக் கடித்துப் பார்ப்பேன், முடியாதபோது அலறுவேன்.

என் அம்மா டவுனில் நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பையும் ஓமமும் வாங்கி அனுப்பியிருந்தாள். தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு காய்ச்சிக் குடித்தால், இறுக்கிப் பிடித்த வயிறு கொஞ்சம் தளரும். அடுப்படிக்குப் போகக் கூடாதே! சாளையிலேயே மூன்று கல்லைக் கூட்டி, அங்கே விறகுக்காக அடுக்கியிருந்த பருத்திமாரை ஒடித்து எரிப்பேன். வேரோடு பிடுங்கிக் காயவைத்த பருத்திச் செடிகள் அவை.

அந்த மாரில்தான் வினை வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றை எட்ட நின்று வைத்துவிட்டுப் போக வந்த மாமியார், நாலைந்து வேர்கள் பட்டை உரிந்து வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் கொதிக்கும் சட்டி. பருத்தி வேர்ப்பட்டைக் கஷாயம் கருவைக் கலைக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எனக்கோ கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லை.

"கண்ணு, இங்க வந்து பாரு! உன்ற பொண்டாட்டி மாசாமாசம் வேரு காச்சிக் குடிச்சு உன்ற புள்ளைகளக் கரைச்சுப்போட்டாளே!"

என் கணவர் ஓடி வந்தார். "இல்லீங்க, இது சதகுப்பைங்க. மோந்து பாருங்க" என்று சட்டியை நீட்டினேன். உதைத்தார். கொதித்த கஷாயம் என் காலில் கொட்டித் தோல் வழன்றது. தீட்டுக்காரியைக் கையால் தொடக் கூடாதாம். அதனால் ஒரு மாரை உருவி எட்ட நின்று அடித்தார். அது ஒடிந்ததும் இன்னொன்று. முதுகு, தோள், வலித்துக்கொண்டிருந்த அதே அடிவயிறு. "எத்தன புள்ளையக் கொன்ன? சொல்லு!" பிள்ளைக்காக அவரைவிட அதிகம் ஏங்கியவள் நான். அந்தக் கேள்வி அடியைவிடச் சுட்டது.

"காலைல உன்ற அப்பன் ஊட்டுக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். பிள்ளையைக் கொன்றவள் என்ற பேரோடு நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?

விடிந்ததும் பார்த்தேன். எங்கள் வெள்ளாட்டுக் குட்டி மாரின் அடியில் தலையை விட்டு, ஒரு வேரைக் கடித்து, பட்டையை நார் நாராக உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க!"

வந்தார். அவர் கண்ணெதிரிலேயே அது இன்னொரு வேரை உரித்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "செரி, சத்தம் போடாத. அம்மாளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவா."

அவளுக்குச் சங்கடமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அத்தை! உங்க பேரனக் கரைச்சது இங்க நாலு கால்ல நிக்குதுங்க, வந்து பாருங்க!" என்று பக்கத்துத் தோட்டம்வரை கேட்கக் கத்தினேன். அவர் பதறி என் வாயைப் பொத்தப் பாய்ந்தார். எட்டவே நின்றவர், இப்போது கைக்கெட்டும் தூரத்தில். நான் மாரைத் தேடவில்லை. கையாலேயே கன்னத்தில் அறைந்தேன்.

மாமியார் வந்து நின்றபோது ஆடு மென்றுகொண்டிருந்தது. என் கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்க" என்றேன். "தீட்டு."