வாசலில் வேப்பிலை

கொரோனா வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. செஞ்சிக் கோட்டையைப் பூட்டிவிட்டார்கள். மலையடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த என் அம்மாவுக்குப் பிழைப்பு போயிற்று. சென்னை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நைனா, ஒரு விடியற்காலையில் காய்கறி லாரியில் ஒளிந்து வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து வந்தவர்களை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று தெருவெல்லாம் பேச்சு. ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலே நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

அம்மா நைனாவை உள்ளறையில் படுக்கவைத்தாள். வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகினாள். பிறகு முன்னறையிலும் வேப்பிலையைப் பரப்பி, என்னை அதன்மேல் படுக்கச் சொன்னாள்.

"உனக்கு மாரியாத்தா வந்திருக்குறாடி. ஏந்திரிக்காத. சொறியாத."

உடம்பெல்லாம் தேடிப் பார்த்தேன். முழங்கையில் கொசு கடித்த தடிப்பு ஒன்றுதான் இருந்தது. அதுதான் முதல் முத்து என்று முடிவுகட்டி, செத்துப்போய்விடுவேன் என்று அழுதேன்.

வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த அக்கா வேப்பிலையைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"சென்னையிலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?"

"புள்ளைக்கு அம்மை போட்டிருக்குது. இங்க யாரு வருவாங்க?" என்றாள் அம்மா.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முகக்கவசத்தின் மேலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். எதிரே தெரியும் மலையில் ராஜாக்கள் வருடக்கணக்கில் எதிரியை உள்ளே விடாமல் இருந்தார்களாம். அவர்களிடம் பீரங்கி இருந்தது.

அதன்பிறகு அம்மா என் பக்கமே வரவில்லை. உள்ளறை வாசலில் எனக்குக் கஞ்சியை வைத்துவிட்டு, நைனாவோடு உள்ளே இருந்து கதவைச் சாத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டபோது அவன் அம்மா வேப்பிலையால் வருடிக்கொண்டு கூடவே கிடந்தாள். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று வேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் நைனா மட்டும் இருமினார். பிறகு இரண்டு பேர் இருமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே பயந்து பயந்து தூங்கிப்போவேன்.

வேப்பிலை சருகானபோது நைனா எழுந்து நடமாடினார். மஞ்சள் கரைத்த தண்ணீரை அவர்தான் வெயிலில் வைத்தார். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். அம்மா பாதியாய் இளைத்து, கதவைப் பிடித்தபடி நின்று கையை நீட்டினாள்.

நான் போகவில்லை. "ஒட்டிக்கும்னு பயந்துதானே இத்தினி நாளு கிட்ட வரல?" என்று கத்தினேன்.

"ஆமாண்டி, பயமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

பெற்ற பிள்ளையைவிடத் தன் உயிர் பெரிதாகப் போயிற்றா இவளுக்கு என்று நினைத்தேன்.