தழை போடும் வளைவில் நின்ற வண்டி

என் சிநேகிதன் ஏழுமலையைக் கடுக்காய் மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு, கல்வராயன் மலைச் சாலையில் கீழ்நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அவன் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. கண் திறக்க முடியவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது. போனில் சிக்னல் இல்லை. வண்டியில் பெட்ரோல் இல்லை. அவனைத் தூக்கிப் பார்த்தேன். அவன் கனத்துக்கு என்னால் முடியவில்லை. கீழே போய் ஆளைக் கூட்டிவருவதற்குள் இவன் உயிரோடு இருப்பானா என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

அம்மனை நம்புகிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது.

நான் நைனார்பாளையத்துக்காரன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டி, ஓட்டல், செங்கல் சூளை என்று எங்கெங்கோ வேலை பார்த்திருக்கிறேன். எந்த ஊரிலும் கால் தங்காது. கோயில் வாசலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். உள்ளே போய்க் கும்பிட்டதில்லை.

ஏழுமலை எனக்கு நேர்மாறு. வடக்கனந்தலில் கரும்பு வெட்டுகிறவன். தினமும் வயலில் நின்று இந்த மலையைப் பார்க்கிறவன், ஒருநாளும் ஏறியதில்லை. நான்தான் உசுப்பினேன். ரூம் வேண்டாம், ஓட்டல் வேண்டாம், ஒரு ராத்திரி மேலே தங்கிவிட்டு வந்துவிடலாம் என்றேன். என் பழைய மோட்டார் சைக்கிள், ஒரு தார்ப்பாய், ஒரு அலுமினியக் குண்டான், அவன் வீட்டு அரிசி. அவ்வளவுதான் ஏற்பாடு. வண்டியின் பெட்ரோல் டேங்குக்கு மூடி கிடையாது. பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தேன்.

கிளம்பும்போது அவன் மனைவி ஏழு மாத வயிற்றோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஊர் சுத்தறது பழக்கம். இவருக்குத் தெருவைத் தாண்டனாலே திக்கு தெரியாது. பத்திரமா இட்டுக்கினு வந்துடுங்க."

"நீ வேற, நான் இன்னா கொழந்தயா?" என்றான் அவன். அவள் அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வளைவில், சாலையோரம் காய்ந்த சுள்ளிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"மச்சான், வெறகு இம்மாம் கெடக்குது! யாரோ நமக்குன்னே ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்றான் ஏழுமலை. எங்கள் ஊரில் வழியில் கிடக்கிற சுள்ளி எல்லோருக்கும் சொந்தம். ஒரு கட்டு கட்டி வண்டியில் வைத்துக்கொண்டோம். அதில் பாதியில் அன்று சோறு பொங்கியது. பட்டினியில்லாமல், வாடகையில்லாமல், வானத்தைப் பார்த்துப் படுத்தோம். "இதுக்குப் போயி இத்தினி வருசம் ஏங்கிக்கினு இருந்தேனே, வண்டி இருந்தா ஒரு மணி நேரம்தான்" என்று சிரித்துக்கொண்டே தூங்கினான்.

காலையில் மிச்சச் சுள்ளி பனியில் நனைந்திருந்தது. நான் ஓடையில் முகம் கழுவப் போனேன். அவன் டீ போட அடுப்பை மூட்டினான். தீ பிடிக்கவில்லை, புகைதான் எழுந்தது. நேர் மேலே கிளையில் மலைத்தேனீ அடை தொங்கியதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவன் அலறல் கேட்டு ஓடினேன். தார்ப்பாயைப் போர்த்தி இழுத்துவந்தேன். எனக்கும் கொட்டு விழுந்தது, அவனுக்குக் கணக்கே இல்லை. ஓடின ஓட்டத்தில் வண்டியில் மோதிச் சாய்த்துவிட்டோம். மூடியில்லாத டேங்கிலிருந்து இருந்த பெட்ரோலும் மண்ணுக்குப் போனது.

அப்படித்தான் நான் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு கார் வந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள். சேறும் வீங்கிய முகமுமாகக் கையை நீட்டிய என்னைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்து வந்த லாரி ஹாரன் அடித்து விலகிப் போனது. சரிவில் நிறுத்தச் சொன்னால் யார் நிறுத்துவார்கள்?

சுள்ளி எடுத்த அந்த வளைவுக்கு வந்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில்தான் தெரிந்தது. குவியலின் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். நாங்கள் அள்ளிய இடத்தில் புதிதாகப் பச்சைத் தழைகள் போட்டிருந்தார்கள். அது விறகு இல்லை. எல்லையம்மனுக்கு வழிப்போக்கர்கள் ஒடித்துப் போட்டுக் காய்ந்துபோன தழைக் காணிக்கை.

பக்கத்துப் புங்க மரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். குவியல்மேல் வைத்தேன். கும்பிடத் தெரியாததால் வாய்விட்டுப் பேசினேன்.

"அம்மா, நேத்து உன்னுத எடுத்தது நாங்கதான். தெரியாம எடுத்துட்டோம். தண்டிக்கிறதா இருந்தா என்னைத் தண்டி. ஊர் சுத்தறவன், என்னைத் தேட யாரும் இல்ல. அவனை வுட்டுடு. அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அழுதேன். அழுது எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

தலைநிமிர்வதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டை ஏற்றிய வேன். ஓட்டிவந்தவர் இறங்கி, கையிலிருந்த தழையைக் குவியலில் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். அவர் எனக்காக நிறுத்தவில்லை. அம்மனுக்காக நிறுத்தினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் லட்சுமணன் அண்ணன், மலைக்காரர். நான் பாதி சொல்வதற்குள் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"பேசிக்கினே இருந்தா எப்படி? மூட்டைய எறக்கு. படுக்க வைக்க எடம் வேணாமா?"

"இங்கியே போட்டுட்டா, யாராச்சும் தூக்கிக்கினு போயிட்டா?"

"ஆத்தா எடத்துல எவன் கை வைப்பான்? நீ வெளியூரா?"

மூட்டைகளைக் குவியலுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். வண்டியைத் திருப்பி மேலே போய் ஏழுமலையை ஏற்றிக்கொண்டோம்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்துப் போயிருக்கும் என்றார் டாக்டர். மதியத்துக்குமேல் விசில் சத்தம் நின்றது. சாயங்காலம் ஒரு கண் திறந்தது. அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "மச்சான், டீ போட்டியா?" என்றான். அதற்குள் வந்து சேர்ந்திருந்த அவன் மனைவி, சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் அவன் தோளில் ஒன்று வைத்தாள். என்னைத் திட்டவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தாள்.

லட்சுமணன் அண்ணன் அதுவரை அங்கேயே இருந்தார். டீசல் செலவைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அதை வுடு. மூட்டை தூக்க ஆள் இல்லாம அல்லாடிக்கினு இருக்கிறேன். காலையில வர்றியா?" என்றார்.

அன்றிலிருந்து அவரிடம்தான் இருக்கிறேன். நான் ஒரே இடத்தில் இவ்வளவு காலம் இருப்பது இதுவே முதல் தடவை. ஏழுமலைக்கு மகள் பிறந்தாள். எல்லையம்மாள் என்று பேர் வைத்திருக்கிறான். கஷ்டத்தில் இருப்பவர்களே, மந்திரம் தெரியவில்லை, முறை தெரியவில்லை என்று தயங்காதீர்கள். உங்களுக்கு வருகிற வார்த்தையில் கேளுங்கள். தப்பு செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மன் காது கொடுப்பாள். எனக்குக் கொடுத்தாள்.

அன்றைக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, காலி வேனில் அவரோடு மலை ஏறினேன். வளைவில் வண்டி நின்றது. மூட்டைகள் நாங்கள் வைத்தபடியே இருந்தன. ஒரு கிழங்குகூடக் குறையவில்லை. மேலே பனி ஈரம் மட்டும் இருந்தது. நான் இறங்கி ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டேன். பிறகு குனிந்து முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.