தானாக ஏறி இறங்கும் மெஷின்

மழை பெய்யும் ஊரில் கம்பளம் விரிப்பவனுக்கு மூளை கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மூணாறுக்கு மேலே எங்கள் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் துணி காயாது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அங்கே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாங்கி விடுதியாக்கிய முதலாளி, எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும் என்று தரை முழுக்கக் கம்பளம் போட்டார். வெள்ளைக்காரன் போட்டிருந்தானா என்று யாரும் கேட்கவில்லை.

நடைவழியில் சாக்கு மாதிரி மெல்லியது. அறைகளில் அதைவிடக் கொஞ்சம் தடிமன். ஹாலில் மட்டும் ஆட்டை ரோமத்தோடு உரித்துப் போட்டது போல ஒன்று. காலை வைத்தால் விரல்கள் காணாமல் போகும். வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து மிக்சர் தின்றார்கள். பிள்ளைகள் பாலைக் கொட்டின. சேற்றுச் செருப்பை வெளியே விட வேண்டும் என்று போர்டு வைத்திருந்தது. அந்தப் போர்டைத் தாண்டித்தான் சேறு வந்தது. சுத்தம் செய்ய வேண்டியவர்கள் என் அம்மாவும் பெரியம்மாவும்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். இரண்டு பேரும் முதலில் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பிடித்துப் பெரியம்மாவின் வலது மணிக்கட்டு போய்விட்டது. ஒரு டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க வராது. அதனால் விடுதி வேலைக்கு வந்தாள். அவள் சொல்லித்தான் அம்மாவும் வந்தாள். பெரியப்பா நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடந்தார். எஸ்டேட் வேலைக்காகக் கொடுத்த வீட்டைக் காலி செய்யும்படி கம்பெனி இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டு அடுப்பு பெரியம்மாவின் சம்பளத்தில் எரிந்தது. இது எனக்கும் தெரியும். வெளியே மழை பெய்கிறது என்று தெரிவது போலத் தெரியும்.

இவ்வளவு நெருக்கமாக இருந்த இரண்டு பேரும் அந்த வருஷம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் விறகு. பழைய செடியைப் பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூரை லயத்துக்காரர்கள் பங்கு போட்டு வீட்டின் பின்னால் அடுக்குவார்கள். தன் அடுக்கிலிருந்து அம்மா எடுத்துவிட்டாள் என்று பெரியம்மா சொன்னாள். எடுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் ஒரே இடத்தில் வேலை, ஒரே குழாயில் தண்ணீர். பேசாமல் எப்படி முடியும்? என்னை வைத்துப் பேசினார்கள்.

“ஏட்டி, உங்க அம்மாகிட்ட சொல்லு, மேல் ரூம் பெட்சீட்டு இன்னும் காயலையாம்.”

அம்மா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். நான் திரும்பி அதையே சொல்வேன்.

“காதுல விழுந்துச்சுன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு.”

ஓண விடுமுறை. நான் அஞ்சாம் வகுப்பு. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் விடுதிக்குக் கூட்டிப் போனார்கள். அந்த விடுமுறையில்தான் மெஷின் வந்தது.

அது ஒரு வேக்குவம் கிளீனர். விற்க வந்தவன் டை கட்டியிருந்தான். அடியில் சுழலும் பிரஷ், மேலே நீளக் கைப்பிடி, முதுகில் பை. எந்த உயரக் கம்பளமானாலும் இதன் வாய்ப்பகுதி தானாக ஏறி இறங்கிக்கொள்ளும், யாரும் எதையும் திருக வேண்டாம், சும்மா தள்ளினால் போதும் என்று ஹாலில் நின்று சொன்னான். செய்து காட்டியது மட்டும் நடைவழியில். மேனேஜர் தலையாட்டி, அதையே அம்மாவிடமும் திருப்பிச் சொன்னான். மேனேஜரை நான் மரியாதையாக எழுதப் போவதில்லை.

நடைவழியில் மெஷின் ஓடியது. அறைகளில் ஒருமாதிரி ஓடியது. ஹாலில் வைத்ததும் கதை வேறு. வாய் ரோமத்துக்குள் புதைந்து தரையைக் கவ்விக்கொள்ளும். பிரஷ் சுற்ற முடியாமல் உறுமும். தள்ளினால் நகராது, இழுத்தால் கம்பளமும் சேர்ந்து வரும். தானாக ஏறி இறங்கும் என்றானே, ஏறத்தான் செய்தது, இறங்கத்தான் செய்தது. கம்பளத்துக்குத் தேவையான நேரத்தில் மட்டும் இல்லை.

பெரியம்மா ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. தன் தேங்காய் நார் பிரஷை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுத் தேய்க்கப் போய்விட்டாள்.

அம்மா வேறு மாதிரி செய்தாள். கொழுந்துக் கத்தரி பிடித்தவர்களுக்கு இது புரியும். செடியின் மேல்மட்டம் ஒரே சீராக இருக்காது. கத்தரியைத் தாழ்த்திப் பிடித்தால் முற்றின இலையும் தண்டும் வரும், கங்காணி ஏசுவான். உயர்த்திப் பிடித்தால் கொழுந்து செடியிலேயே நிற்கும், எடை வராது. அதனால் கத்தரியைச் செடிமேல் சாய்க்கவே மாட்டார்கள். முழு எடையையும் தோளில் வாங்கி, மட்டம் ஏறும் இடத்தில் ஏற்றி, இறங்கும் இடத்தில் இறக்கிக்கொண்டே போவார்கள். அம்மா மெஷினையும் அப்படியே பிடித்தாள். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் அதன் கழுத்தைத் தூக்கி, ரோமத்தின் நுனி மட்டும் வாயில் படும்படி. குப்பை சலசலவென்று உள்ளே போனது. ஹால் முடிந்தது.

சாயங்காலம் எனக்குத் தலை பின்ன அவளால் கையைத் தூக்க முடியவில்லை. நானே அரைகுறையாகப் பின்னிக்கொண்டேன்.

இப்படி ஒரு வாரம் போனது. மேனேஜர் வந்து ஹாலைப் பார்ப்பான். கம்பளம் சுத்தமாக இருக்கும். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று முதலாளிக்குப் போன் செய்தான். அம்மாவின் தோளை அவன் பார்க்கவில்லை. அவன் கண்ணுக்கு மெஷின் மட்டும்தான் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவன் அம்மாவைக் கூப்பிட்டு, பெரிய உபகாரம் செய்கிறவன் போலத் தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“சேச்சி, அடுத்த மாசம் தொட்டு நீ ஒரு ஆள் மதி, போதும். அந்தச் சேச்சியோட கை ஒண்ணுக்கும் ஆகாது. மெஷின் உண்டல்லோ.”

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருகிறார், அவர் முன்னால் ஓட்டிக் காட்டு, நீதான் இனி ஹவுஸ்கீப்பிங்குக்கு மேல் ஆள் என்றும் சொன்னான். அம்மா சரி என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மேல் ஆள் என்றால் தனி நிறச் சேலை உண்டு.

அம்மா வீட்டில் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்பா கேட்டதற்கும், “பாப்பம்” என்றாள். ஆனால் விடுதியில் நடப்பது லயத்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த நாளிலிருந்து பெரியம்மா எங்களுக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிப் போனாள். யாரும் சொல்லாத வேலையெல்லாம் செய்தாள். சுவர்ப் பாசியைச் சுரண்டினாள். பூந்தொட்டியின் வெளிப்பக்கத்தைக் கழுவினாள். மேனேஜர் கடந்து போகும்போது வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். என் வழியாக அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவதும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, சுத்தமான செருப்பு. அந்தச் செருப்போடு ஹாலுக்குள் வந்தார். மேனேஜர் பிஸ்கட்டை நொறுக்கிக் கம்பளத்தில் தூவி, காலால் நன்றாக அமுக்கிவிட்டான். அம்மா மெஷினோடு நின்றாள். பெரியம்மா வாளியோடு கதவோரம் நின்றாள். நான் அவள் பக்கத்தில்.

அம்மா பிளக்கைச் சொருகினாள். முதலில் நடைவழியில் ஓட்டினாள். முதலாளி நல்லது என்றார். பிறகு ஹாலுக்குள் கொண்டுவந்தாள். கம்பளத்தின் நடுவில் வைத்தாள். மெஷினின் கழுத்தில் இருந்த கையை எடுத்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, டை கட்டியவன் காட்டியபடியே சும்மா தள்ளினாள்.

மெஷின் புதைந்தது. உறுமியது. அம்மா இன்னும் தள்ளினாள்.

தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். பின்கழுத்தில் ஒரு கை விழுந்து அழுத்தியது. பெரியம்மாவின் வலது கை. டம்ளர் பிடிக்க வராத கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

ரப்பர் கருகும் வாடை வந்தது. முதலாளி மூக்கைச் சுளித்தார். மேனேஜர் ஓடி வந்து தானே வாங்கித் தள்ளினான். கம்பளம் சுருண்டு கூடவே வந்தது. அதன் மேலிருந்த டீப்பாய் சாய்ந்து பூ ஜாடி உருண்டது. முதலாளியும் ஒரு கை பார்த்தார். அவர் தள்ளியதில் பிரஷ் ரோமத்தைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு நின்றேவிட்டது. கம்பளத்தில் உள்ளங்கை அளவுக்கு வழுக்கை.

“டெய்லி நல்லா ஓடுனதல்லே? நீ என்ன பண்ணுன?” என்று மேனேஜர் கத்தினான்.

“நீங்க சொன்ன மாதிரிதான் சார் பிடிச்சேன். தானா ஏறி எறங்கும்னீங்க.”

அம்மா இதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை.

மேனேஜர் ஏசினான். காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டு கிடந்தவளைக் கொண்டுவந்து மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்றான். எல்லார் முன்னாலும், ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். முதலாளிக்கு அவளை ஏசுவதில் அக்கறை இல்லை. கம்பளத்தின் வழுக்கையைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார். இந்தச் சாதனத்தைத் திருப்பிக் கொடு, பழையபடி ரெண்டு பொம்பளைகளும் பிரஷ் போடட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மேனேஜருக்கு யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. நாளை முதல் அம்மாவுக்கு ஹால் கிடையாது, அறைகள் கிடையாது, கக்கூஸ்கள் மட்டும் என்றான். மேல் ஆள் பேச்சு அதோடு போனது.

எனக்கு அம்மா மேல் ஆத்திரம். ஒரு வாரம் ஒழுங்காகச் செய்ததை அன்றைக்கு மட்டும் எப்படி மறக்க முடியும்? வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். மெஷின் சரியில்லை என்றாள். பெரியம்மா எங்களுக்குப் பின்னால் வந்தாள். அவளுக்கு வேலை தங்கிவிட்டது, இனியாவது அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. அம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை. லயம் வந்ததும் இரண்டு கதவும் தனித்தனியாகச் சாத்திக்கொண்டன. நன்றி கெட்டவள் என்று பெரியம்மாவைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா கீழ்வரிசையின் முதல் கக்கூஸிலிருந்து ஆரம்பித்தாள். நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். நேரம் கழித்து, ஹால் கம்பளத்தை முடித்துவிட்டுப் பெரியம்மா வந்தாள். சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள், இடது கையில் வாளி. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக வரிசையின் கடைசிக் கக்கூஸுக்குள் போய்க் குந்தித் தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவின் பிரஷ் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அங்கிருந்து ஒரு சத்தம், இங்கிருந்து ஒரு சத்தம். நடுவில் மிச்சமிருந்த ஒன்றுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பெரியம்மா உள்ளே போனாள். அம்மா குழாயில் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தாள்.

மேனேஜர் பெரியம்மாவுக்கும் தண்டனை கொடுத்துவிட்டான் என்று நான் நினைத்தேன். எங்கள் அம்மாவுக்கு மட்டும் இல்லை, அவளுக்கும்தான் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.