துரத்தலின் நடுவே ஆடு எங்கே போனது

என் கதாநாயகன் ஏழாவது நிமிடத்தில் வேலையை விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை, இட்லியைப் பிட்ட கையோடு.

கதாநாயகன் ஒரு வெள்ளாடு. சின்னப் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் தொடரில் வருகிற ஆடு. தொடரை எழுதியவன் நான், தயாரிப்பாளரும் நான். இருபது வருடம் சென்னையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பூனைகளும் கரடிகளும் அசைக்கிற வாய்க்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைத்தவன், ஐம்பதை நெருங்குகிற நேரத்தில் நம்ம ஊர் ஆடு ஒன்று பேசினால் என்ன என்று கிளம்பி, பாளையம்பட்டியில் வந்து உட்கார்ந்தேன். சேனல் சொன்னது இவ்வளவுதான்: முதல் பகுதியை வெள்ளிக்கிழமை பார்ப்போம். பிடித்தால் மீதிப் பன்னிரண்டும் உண்டு. பிடிக்காவிட்டால் அந்த ஒன்றும் கிடையாது.

படம் வரைந்து அசைய வைப்பது ஹைதராபாத்தில் ஒரு ஸ்டூடியோ. அன்று அங்கிருந்து வந்தது படம் மட்டும். ஒலி பிறகுதான் சேரும். ஊமைப்படமாக ஓடவிட்டேன். குள்ளநரி துரத்துகிறது. கருவேலங்காட்டுக்குள் ஆடு ஓடுகிறது. நல்ல ஓட்டம். திடீரென்று நிற்கிறது. இடது பக்கம் திரும்பி, திரையில் இல்லாத யாரிடமோ, காது விடைக்க, கண் பிதுங்க, கடகடவென்று என்னவோ சொல்கிறது. சொல்லிவிட்டுத் திரையை விட்டே ஓடிவிடுகிறது. நரி நிற்கிறது. பிறகு உட்கார்கிறது. ஒரு கருவேல மரம் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஆடு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. நரியும் எழுந்து மரியாதையாகத் துரத்துகிறது. ஆட்டின் முழங்கால் நனைந்திருக்கிறது.

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை நின்றுவிடும், கை மட்டும் வேலை செய்யும். மேஜை டிராயரை ஒழுங்குபடுத்தினேன். பேனாக்களை மூடி இருப்பவை, இல்லாதவை என்று பிரித்தேன். பிறகுதான் ஸ்கிரிப்டை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. 'ஆடு ஓடுகிறது. நரி துரத்துகிறது' என்றுதான் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். பின்பக்கத்தில் நான் எப்போதுமே எதுவும் எழுதுவதில்லை.

நியாயமாக இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். முழுப்படம் போடுவதற்கு முன் கோட்டுப்படமாக ஒருமுறை அனுப்பி, சரியா என்று கேட்டிருந்தார்கள். தயாரிப்பாளர் பார்த்திருப்பார் என்று எழுத்தாளர் நினைத்தார். எழுத்தாளர் பார்த்திருப்பார் என்று தயாரிப்பாளர் நினைத்தார். இரண்டு பேரும் நம்பிக்கையாகச் 'சரி' என்று பதில் போட்டுவிட்டார்கள்.

ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். அங்கே மேற்பார்வை பார்க்கிறவரும் நானும் அதுவரை இங்கிலீஷில்தான் பேசியிருக்கிறோம். அன்று அவர் எடுத்த எடுப்பில் தெலுங்கில் ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குள் தெலுங்குதான். தறிக்காரக் குடும்பம், தெருவில் இறங்கினால் தமிழ். அவர் சொன்னதைத் தமிழிலேயே சொல்கிறேன்.

"சார், அந்த இடம் எப்படி வந்திருக்கு? எங்க ஆளுங்க அதுக்குத்தான் சார் உயிரைக் கொடுத்தாங்க."

"எந்த இடம்?"

"தெலுங்கு வர்ற இடம்."

"தெலுங்கு எங்கே வருது?"

"என்ன சார், நீங்களே பேசிட்டு?"

கார்ட்டூனில் குரல் முதலில், படம் பிறகு. வரைகிறவர்கள் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயை அசைக்கிறார்கள். நல்ல நடிகர் கிடைக்கும்வரை மாதிரிக்கு நானே ஆடாகப் பேசி அனுப்பியிருந்தேன். அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் காதில் மாட்டினேன்.

ஏழாவது நிமிடம் வரை தமிழ்நாட்டு ஆடு. அப்புறம் தூரத்தில் என் மனைவியின் கூப்பாடு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து ஒழுகப் பேசிக்கொண்டிருந்தபோது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் இன்ன நாள், இன்ன நேரம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்தால் பிடிக்க வேண்டும், விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. 'டிரம்மைக் கழுவவே இல்லையே! பைப்பைத் தொட்டியில போடு! வாரேன் வாரேன்!' என்று தெலுங்கில் அலறிவிட்டு, பதிவை நிறுத்தாமல் ஓடியிருக்கிறேன். டிரம் உருளும் சத்தம், நான் வழுக்கும் சத்தம், திரும்பி வந்து மூச்சிரைக்கும் சத்தம் எல்லாம் துல்லியமாக இருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். எழுத்தாளர் வெட்டியிருப்பார் என்று தயாரிப்பாளர் நினைத்தார்.

ஹைதராபாத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மாதக்கணக்கில் புரியாத பாஷைக்கு வாயசைத்தவர்களுக்குத் திடீரென்று நடுவில் சொந்தப் பாஷை. விடுவார்களா? காதுக்குத் தனியாக, கண்ணுக்குத் தனியாக உழைத்திருந்தார்கள்.

"முழங்கால் ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குத்தானே சார் போச்சு?"

போனை வைத்தேன். வெட்டிவிடலாம் என்றால் அதற்குப் பிறகு கடைசிவரை கால் ஈரம். புதிதாக வரைய ஒன்றரை மாதம். எனக்கு இருந்தது நாலு நாள்.

சரி, நம்மிடம் இருக்கிற வித்தை வாயசைப்புக்கு வசனம் போடுவது என்று உட்கார்ந்தேன். இருபது வருட அனுபவம் முழுவதும் என் வாய்க்கே நான் வசனம் எழுதுவதில் வந்து நின்றது. 'ஐயோ பாம்பு' என்று போட்டேன். பாம்பு இருக்கிற பக்கமாகவே ஆடு ஓடியது. 'அம்மா கூப்பிடுகிறாள்' என்று போட்டேன். அம்மா கூப்பிட்டால் கால் ஏன் நனைகிறது? 'மழை' என்று போட்டேன். எங்கள் பக்கத்துக் காட்டில் அதை எந்தப் பிள்ளையும் நம்பாது.

புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளியைப் பார்த்தேன். நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவன். ஆடு எப்படி நடக்கும், எப்படி முறைக்கும் என்று ஆரம்பத்தில் அவனிடம்தான் கேட்டு எழுதியிருந்தேன்.

"ஏலே, என்ன மூஞ்சி இப்படிக் கிடக்கு? ஆடு செத்துப்போச்சா?"

"செத்தாலும் பரவாயில்ல. இதப் பாரு" என்று ஊமைப்படத்தைப் போனில் காட்டினேன். அவனுக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது, ஒலியும் இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஆடு நின்றது, திரும்பியது, முழித்தது.

"தண்ணி வந்துருச்சாக்கும்" என்றான்.

"எப்படிலே தெரிஞ்சது?"

"முழியப் பாரு. தண்ணி லாரியோ குழாயோ, என்னமோ வந்துருச்சு. இதுல என்னலே சந்தேகம்?"

"நரி துரத்தும்போது தண்ணிக்குப் போகுமா?"

"நரி நாளைக்கும் வரும்லே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் அவசரத்துக்குத் தெலுங்கு, ஏச்சுக்குத் தமிழ். அவள் தமிழில் ஆரம்பித்தாள்.

"இது உங்க மூஞ்சிதான. தாடி வச்சுட்டா எனக்குத் தெரியாதாக்கும்? அன்னைக்கு டிரம்மைக் கழுவிருந்தா இந்த ஆட்டுக்கு இந்தக் கதி வருமா?"

"ஆடு யார்கிட்டப் பேசுதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியணுமே?"

"நாந்தான கூப்பிட்டேன்? மறுபடி கூப்பிடுறேன். அதுக்கு எதுக்கு இந்த முழி?"

போர்வை கட்டிய அறைக்குள் வந்து நின்று, ஒரே தடவையில் 'தண்ணி வந்துருச்சூ!' என்று கத்தினாள். நான் டிரம், பைப்பு எல்லாவற்றையும் தமிழில் அந்த வாய்க்குள் அடக்கினேன். வேறு ஒரு விளக்கமும் சேர்க்காமல் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு, பேனாக்களை நிறவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் சேனல் அதிகாரி அம்மா கூப்பிட்டார்.

"சார், ஏழாவது நிமிஷத்துல ஹீரோ எங்க போறார்?"

"தண்ணி பிடிக்க, மேடம்."

"துரத்தும்போதா?"

"தண்ணி வந்துருச்சே, மேடம்."

என் கை மட்டும் எதையோ மடித்துக்கொண்டிருந்தது, பார்த்தால் மேஜைவிரிப்பு. பிறகு அவர் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. சிரித்து முடித்து, "பண்ணிரலாம் சார். ஆனா இது எல்லா எபிசோட்லயும் ஒரு தடவை வரணும்" என்றார்.

நான் எட்டு மாதம் அடித்துத் திருத்தி எழுதிய மற்ற பத்து நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று எழுத்தாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

இரண்டாவது பகுதிக்கு அந்த இடத்தை நானே ஒழுங்காக எழுதினேன். பதற்றத்தோடு நடித்தேன். மூச்சுகூட இரைத்துக் காட்டினேன். ஹைதராபாத்திலிருந்து மறுநாள் போன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவை ஆடு பொய் சொல்லுது. நிஜமாத் தண்ணி வரும்போது எடுத்து அனுப்புங்களேன்."

ஆக, இப்போது என் ஒலிப்பதிவுக்குத் தேதி கொடுப்பது தெருக்குழாய். ஆறு நாளாகப் போர்வை கட்டிய அறையில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். டிரம்மை மட்டும் கழுவக் கூடாதென்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். கழுவி வைத்தால் எனக்குப் பதற்றம் வராது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த ஸ்டூடியோவாலும் வரைய முடியாது.

இன்று காலை குழாய் இருமியது. வெறும் காற்றுதான் என்று இருந்தேன். அப்புறம் கூப்பாடு கேட்டது. எழுந்தேன், அலறினேன், ஓடினேன், வழுக்கினேன், எல்லாம் நன்றாகவே வந்தது. பைப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு முழங்கால் நனைய நிற்கும்போதுதான், பதிவுப் பொத்தானை அழுத்தினேனா என்று சந்தேகம் வந்தது.

எழுத்தாளர் அழுத்தியிருப்பார்.