டெம்பர் ஆகாத நாற்பது பின்கள்

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை செய்த இடத்திலும் சொன்னார்கள். இருக்கட்டும். அன்றைக்கு அந்த வாயை மூடிக்கொண்டிருந்தால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடித்திருக்காது.

கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. எஃகு உருப்படிகளைச் சூடாக்கிப் பதப்படுத்துவது அங்கே தொழில். அவற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அன்று உலையிலிருந்து வந்தவை நாற்பது பின்கள். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், டிராக்டரோடு டிரெய்லரைக் கோக்கிற பின்கள். அந்த டிரெய்லரில் கொழுந்து மூட்டை மட்டும் போவதில்லை. மூட்டைமேல் பறிக்கிற பெண்களும் உட்கார்ந்து போவார்கள். கொண்டை ஊசி வளைவில் பின் ஒடிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாயிற்று. அப்படித் தோய்த்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் அடி தாங்காது. மறுபடி மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் கடினம் கொஞ்சம் இறங்கும், அடி தாங்கும் தெம்பு வரும். அதுதான் டெம்பரிங். மேனேஜருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சோதனை மெஷினில் கடினம் தோட்டக்காரர்கள் கேட்ட அளவுக்கு மேலேயே காட்டியதும் அவருக்கு அப்படியே அனுப்பிவிட ஆசை வந்துவிட்டது.

“நம்பர் நல்லா கேறி நிக்குதல்லே? பின்னே எந்துக்கு திரும்பவும் சூடாக்கி அதைக் குறைக்கணும்? வண்டி வெளியே நிக்குது. ஒப்பு போடு” என்று கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினார்.

நான் ஒரு பின்னை எடுத்து வைஸ் பிடியில் இறுக்கி, சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டேன். அப்பளம் போல ஒடிந்து, துண்டு அவர் ஷூவுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

“இதை நம்பியா சாரே ஆளைக் கேத்தப் போறாங்க?”

“அது ஒண்ணு மோசமாயிருக்கும். ஒப்பு போடலைன்னா நாளைலேர்ந்து வரண்டா, கேட்டோ.”

அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. வர வேண்டாம் என்றால் அது போய்விடுமே என்று பயம்தான். கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. படிவத்தில் ‘டெம்பரிங் செய்யவில்லை, அனுப்பக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். கேட்டது கையெழுத்துதானே.

“நாளைலேர்ந்துதானே சாரே வரண்டா? இன்னைக்கு ஷிப்ட் முடிய மூணு மணி நேரம் இருக்கு.”

மீதி முப்பத்தொன்பது பின்களையும் கூடையில் அடுக்கி, மிதமான சூட்டில் இருந்த உலைக்குள் தள்ளினேன். கதவைச் சாத்தி, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.