பூசையில் வைத்த மூடி

நான் பிடித்த அடங்களைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். மாமா கல்யாணத்தில் மணவறை ஏறி உட்கார்ந்தது, ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸின் கையைக் கடித்தது, எல்லாம் வரும். பெரிய கதை மட்டும் வராது. அது தெரிந்தவர்கள் நானும் சித்தப்பாவும்தான்.

சித்தப்பா மற்றவர்களைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியவில்லை. ஹட்டன் போகிற ரோட்டில் இருந்த ஒரு கல் கடைக்கு வேலைக்குப் போனார். பெரிய பெரிய கருங்கல் பலகைகளை மெஷினில் அறுத்து, அடுப்பு வைக்கிற குசினி மேடைக்கும் கல்லறைக்கும் பளபளப்பாக்கிக் கொடுக்கிற கடை. பொழுதுபட வீட்டுக்கு வரும்போது அவருக்குப் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். முகமூடியும் கண்ணாடியும் அங்கே ஆணியில் தொங்கும். யாராவது பெரிய மனிதர் பார்க்க வந்தால் மட்டும் அவை முகத்துக்கு ஏறும். ஒன்றே ஒன்றில்தான் சித்தப்பா கறார். அறுக்கிற சக்கரத்தின் மேல் இருக்கும் இரும்பு மூடி இல்லாவிட்டால் சுவிட்சுக்குக் கிட்டவே போகமாட்டார்.

எனக்குப் பத்து வயது. ஆயுத பூசைக்கு என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார். மெஷின்களுக்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. கையில் சந்தனக் கிண்ணம் வந்துவிட்டால் விடுவேனா? தண்ணீர் மோட்டர், சுத்தியல், முதலாளியின் மோட்டர் சைக்கிள், ஒன்றும் தப்பவில்லை. மற்றவர்கள் வெளியே தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய மெஷினுக்கு வந்தேன். மூடிக்கு வைக்கமாட்டேன், உள்ளே இருக்கிற சக்கரத்துக்குத்தான் வைப்பேன் என்று ஆரம்பித்தேன். சித்தப்பா முடியாது என்றார். நான் கண்ணைக் கசக்கினேன். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை அழலாமா? ஸ்பேனரை எடுத்து நாலு நட்டையும் கழற்றினார்.

சக்கரத்துக்கு மூன்று பொட்டு வைத்தேன். அதோடு சும்மா இருந்தேனா? கழற்றிய மூடியைத் தூக்க மாட்டாமல் தூக்கிப் போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதன் மேல் பூவையும் பொரியையும் கொட்டினேன்.

"பூசையில வச்சத நாளைக்குச் சாமி கும்பிட்டுத்தான் எடுக்கணும். நீதானே வச்ச, நீயே வந்து எடு புள்ள" என்று சித்தப்பா சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக லொறி வந்து நின்றுவிட்டதாம். நுவரெலியாவில் ஏதோ ஹோட்டலுக்கு ஒரு பலகை குறைகிறது, ஓரம் மட்டும் அறுத்தால் போதும், அஞ்சு நிமிஷ வேலை என்று முதலாளி அவசரப்படுத்தியிருக்கிறார். பூசையில் இருந்த மூடியை எடுக்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை; அது இல்லாமலே சுவிட்சைப் போட்டிருக்கிறார். மெஷினும் பூசையில் வைத்ததுதானே என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. முதலாளி சொன்னால் அது மட்டும் வேலைக்கு வந்துவிடும் போலிருக்கிறது. நான் வீட்டில் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பாவின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சித்தி ஒரே புலம்பல். "எந்தப் பாவி அதக் கழட்டச் சொன்னானோ, அவன் கையும் வெளங்காமத்தான் போகும்!" ஐயோ, எனக்கு உயிரே இல்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் ஐயா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். முதலாளி வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தார் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. நட்டஈடு கிடைத்தால் சித்தப்பா ஒரு சின்னக் கடை போட்டுக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவது? வீடே ஐயாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்ல மனிதர். சித்தப்பாவின் கைக்கட்டைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். தான் கழற்றச் சொல்லவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டாராம். பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி தன் இஷ்டத்துக்குக் கழற்றியிருந்தால் நட்டஈடு கிடைக்காது. பூசைக்காக யாராவது கேட்டுக் கழற்றியிருந்தால் அப்படியே எழுதி மேலே பேசிப் பார்க்கலாம் என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாராச்சும் கழட்டச் சொன்னாங்களா?"

சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சித்தப்பா என்னை ஒரு தடவை பார்த்தார், சித்தியை ஒரு தடவை பார்த்தார்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கழட்டுனேன்."

ஐயா மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்று தரமும் அதே பதில். சித்தி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐயா எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகும்போது சித்தப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நட்டஈடு வரவில்லை. சித்தப்பா அதே கடையில், மற்றவர்கள் அறுத்த கல்லைக் கழுவித் துடைக்கிற வேலைக்குப் போனார்.

அன்றைக்கு ஐயா வாசலைத் தாண்டியதும் சித்தப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டு, தட்டில் மிஞ்சிய பிஸ்கட்டை என் கையில் வைத்து, "போ, போய் வெளையாடு" என்றார். நான் வெளியே ஒரே ஓட்டமாக ஓடினேன். அடம் பிடித்தது நான்தான் என்பதைச் சித்தப்பா சுத்தமாக மறந்துபோய்விட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.