பழைய கையெழுத்து

மாஸ்டர் அப்பீலில் ஜெயித்துவிட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. ஜெயித்து ஐந்து மாதமாகியும் ஒரு பைசா கண்ணில் படவில்லை என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

ஆயத்த ஆடை கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஒரு நாள் துணியோடு அவருடைய வலது கையையும் மெஷின் பதம் பார்த்துவிட்டது. விரல்களைத் தைத்து ஒட்டவைத்தார்கள். ஒட்டிக்கொண்டதோடு சரி, ஒரு ஊசியைக்கூடப் பிடிக்காது. ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டபோது, கைதான் இருக்கிறதே என்று அரசு அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் நாயாய் அலைந்து அப்பீலில் தீர்ப்பு வாங்கினார்.

பணம் வந்தால் மனைவி இரண்டாவது ஷிப்டை விட்டுவிடலாம். அதே கம்பெனியில் இஸ்திரி மேஜையருகே நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கிக் கிடந்தது.

பணம் வழங்கும் படிவத்தில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அலுவலகத்துக்கு நேரிலேயே போனார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பழைய கையெழுத்தோட ஒத்துப்போகல சார்."

"கை போனதுக்குத்தானே சார் பணமே கேக்குறேன்?"

"அது வேற செக்ஷன். எனக்குக் கையெழுத்து ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

வீட்டில் மனைவி படிவத்தைப் பிடுங்கினாள். "இங்க குடுங்க, நான் போடுறேன்."

"ஏய், தப்பில்லையா?"

"பொண்ணோட ரேங்க் கார்டுல பத்து வருஷமா உங்க கையெழுத்தை யாரு போட்டதாம்? நீங்க என்னைக்கு நேரத்தோட வீட்டுக்கு வந்தீங்க?"

பேனாவை எடுத்துச் சரசரவென்று போட்டுக் காட்டினாள். அச்சு அசலாக அவருடைய கையெழுத்தேதான்.

இந்த முறை படிவம் திரும்பவில்லை. மூன்றாம் வாரம் ஒரு கடிதம் வந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தார். "தாங்கள் முன்புபோலவே தெளிவாகக் கையெழுத்திட்டிருப்பதால், வலது கை குணமடைந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மருத்துவ மறுபரிசோதனை முடியும்வரை தொகை நிறுத்திவைக்கப்படுகிறது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானே கெடுத்துட்டேனே."

"திரும்ப எழுதிப் போடலாம் விடு."

"என்னன்னு எழுதுவீங்க? கையெழுத்து பொண்டாட்டி போட்டதுன்னா?"

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். இன்றைக்காவது போகாதே என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.